ஓடுற வண்டியில பீர் புளிக்குமா? ஆஸ்திரேலிய கேரவன்வாசிகளின் 23 லிட்டர் கணக்கு!

ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மண். நடுவில் ஒரு வெள்ளை கேரவன். வெளியே மடக்கு நாற்காலி போட்டு, தலை நரைத்த ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு பாட்டிலைத் திறந்து, `இது கடையில வாங்கினது இல்ல, வண்டியிலயே நான் செஞ்சது' என்று பெருமையாகச் சிரிப்பார். லைக்ஸ் அள்ளும்.

`அட, இவ்ளோ ஈஸியா?' என்று தோன்றும். ஆனால், ரீலில் காட்டாத விஷயங்கள் நிறைய இருக்கு பாஸ். ஏனென்றால், பீருக்கும் பயணத்துக்கும் அடிப்படையிலேயே ஆகாது. பீருக்கு ஆடாத இடம் வேண்டும், மாறாத வெப்பம் வேண்டும். கேரவனில் இரண்டுமே கிடையாது. அப்புறம் எப்படிச் செய்கிறார்கள், எங்கே சொதப்புகிறார்கள், எது உண்மையிலேயே ஆபத்து? எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

யார் இந்த `கிரே நோமட்ஸ்'?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் `கிரே நோமட்ஸ்' என்று பெயர். நரைத்த நாடோடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டையே ஒரு சுற்று சுற்றிவருவதை `பிக் லேப்' என்பார்கள். கண்டத்தைச் சுற்றி ஓடும் `ஹைவே 1' மட்டுமே சுமார் 14,500 கிலோமீட்டர். தெற்கே குளிர்காலம் தொடங்கியதும் இவர்கள் வண்டியை வடக்கே திருப்பிவிடுவார்கள்.

உள்நாட்டுப் பகுதியில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் இருப்பது அங்கே சாதாரணம். வழியில் இருக்கும் கடையில் எல்லாமே விலை அதிகம். பீருக்கான வரியும் அந்த நாட்டில் எக்கச்சக்கம். பென்ஷனில் வண்டி ஓட்டுபவர்கள் `நாமே செஞ்சா என்ன?' என்று யோசிப்பது இயல்புதானே.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. இங்கிலாந்தில் 1963-ல், ஆஸ்திரேலியாவில் கஃப் விட்லம் ஆட்சிக் காலத்தில் 1973-ல், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்ய வழி திறந்தது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு முக்கிய நிபந்தனை... செய்யலாம், குடிக்கலாம், விற்கக் கூடாது.

அடிலெய்டு நகரில் 1862-ல் தாமஸ் கூப்பர் தொடங்கிய `கூப்பர்ஸ்' நிறுவனம் இன்று பீர் மட்டுமல்ல, வீட்டில் பீர் செய்வதற்கான கிட்டும் விற்கிறது. 1.7 கிலோ டின் ஒன்று. அதில் தேன் பதத்தில் மால்ட் சாறு. மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட். இதிலிருந்து 23 லிட்டர் பீர் வரும். கேரவன்வாசிகளுக்குத் தோதான சமாசாரம். மூட்டை மூட்டையாகத் தானியம் சுமக்க வேண்டாம்.

இட்லி மாவு தெரியுமா? அப்போ இதுவும் தெரியும்!

மே மாதத்தில் அம்மா அரைத்து வைத்த இட்லி மாவு ராத்திரியிலேயே பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். அதே மாவு டிசம்பரில் காலை வரைக்கும் அசையாமல் அப்படியே கிடக்கும். மாவு ஒன்றுதான். மாறியது வெப்பம் மட்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வெயிலில் துள்ளும், குளிரில் தூங்கும்.

பீரிலும் இதே கதைதான். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாற்றில் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியேற்றும். கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற பூ. கிட் டின்னில் அதையும் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார்கள்.

வேலை இவ்வளவுதான்: டின்னில் உள்ள சாற்றையும் சுமார் ஒரு கிலோ சர்க்கரையையும் வெந்நீரில் கரைக்க வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்க வேண்டும். வெதுவெதுப்பு போனதும் ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் புளித்து முடியும். பிறகு பாட்டிலில் லிட்டருக்கு 8 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்த்து மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதையும் தின்று நுரைக்கான வாயுவை உண்டாக்கும். அதற்கு இன்னும் இரண்டு வாரம்.

வீட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். வண்டியில்..?

வண்டி ஓடினால் என்ன ஆகும்?

வெப்பம்: ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை சுகம். ஜூலை மாத ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகலில் 20 டிகிரி, ராத்திரி 4 டிகிரி. அங்கிருந்து வடக்கே டார்வின் போனால் பகலில் 30-க்கு மேல். ஒரே வாரத்தில் ஈஸ்ட்டுக்கு டிசம்பரும் மே மாதமும் மாறி மாறி வந்தால் எப்படி இருக்கும்? குளிரில் தூங்கிவிடும். ஓவர் சூட்டில் அவசரமாக வேலை செய்து, நெயில் பாலிஷ் வாடை அடிக்கிற, நாக்கைச் சுடுகிற ஆல்கஹால்களை உண்டாக்கும்.

குலுங்கல்: புளித்து முடித்த பீருக்கு ஆக்சிஜன் ஆகாது. மண் ரோட்டில் குலுங்கக் குலுங்கக் காற்று கலந்தால், ருசி நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். அடியில் படிந்த ஈஸ்ட்டும் கலங்கி மேலே வரும்.

எடை: 23 லிட்டர் என்றால் 23 கிலோவுக்கு மேல். 750 மில்லி கண்ணாடி பாட்டில் 30 என்றால், காலி பாட்டில்களே சுமார் 15 கிலோ. கேரவனில் ஏற்றக்கூடிய சாமான்களின் எடைக்கு வரம்பு உண்டு. பல வண்டிகளில் தண்ணீர், கேஸ், துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்தே 300 முதல் 500 கிலோதான். அதைவிட முக்கியம், எடையை எங்கே வைக்கிறோம் என்பது. கனமானதைக் கேரவனின் பின்முனையில் வைத்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடியது. சக்கரத்தின் அச்சுக்கு மேலே, தரையோடு தாழ்வாக வைப்பதுதான் விதி.

தண்ணீர்: கேரவன் டேங்க் ஒன்றில் சுமார் 80, 90 லிட்டர் பிடிக்கும். அதில் நாலில் ஒரு பங்கைப் பீருக்கே ஊற்றிவிட்டு, பாத்திரம் கழுவ இன்னொரு பங்கு என்றால் குளிப்பது எப்படி? உள்நாட்டு ஊர்களின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் ஆஸ்பத்திரி மருந்து வாடை வரும்.

அப்போ எப்படித்தான் செய்றாங்க?

ரகசியம் சிம்பிள்... நிறுத்திவிடுகிறார்கள். அனுபவசாலிகள் பயணத்துக்குள் பீரைத் திணிப்பதில்லை. பீரின் நாள்காட்டியைப் பார்த்துப் பயணத்தைப் போடுகிறார்கள். அந்த நாள்காட்டி இப்படி இருக்கும்.

முதல் நாள்: நல்ல குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள கேரவன் பார்க்கில் தங்கும் அன்றுதான் கலக்க வேண்டும். முந்தைய நாளே தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். பாத்திரங்களை அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினியால் சுத்தம் செய்தால் தண்ணீர் மிச்சம். சுத்தத்தில் மட்டும் சமரசம் கூடாது. வீட்டுப் பீர் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் அழுக்குப் பாத்திரம்தான்.

அடுத்த இரண்டு நாள்: வண்டியை எடுக்கக் கூடாது. நுரை பொங்கும் நேரம் இது. ஆஸ்திரேலியாவில் ஓடும் கேரவனுக்குள் ஆள் உட்காரச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொங்கி வழிந்தால் பார்க்கக்கூட ஆள் இருக்காது. திறந்து பார்க்கும்போது மெத்தை வரைக்கும் பிசுபிசுப்பு!

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: கட்டாயம் கிளம்ப வேண்டும் என்றால் இப்போது கிளம்பலாம். ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதால் உள்ளே முழுக்க கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். கொஞ்சம் குலுங்கினாலும் பாதிப்பு குறைவு. பாத்திரத்துக்கு ஏற்ற இடம் கேரவனின் குளியலறை. சிந்தினாலும் தண்ணீரோடு போய்விடும். நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். மூடியில் இருக்கும் ஏர்லாக்கின் தண்ணீர் குலுங்கிச் சிந்தும் என்பதால், அதற்குப் பதில் ஒரு டியூபை மாட்டி அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விடுவது மேல். 23 லிட்டரை ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்தால் தூக்குவதும் சுலபம், எடையும் பரவும்.

ஆறாம் நாள் முதல்: திரும்பவும் நிறுத்தம். ஈஸ்ட் அடியில் படிய வேண்டும். பிறகு ஹைட்ரோமீட்டரால் அளந்து பார்த்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால் மட்டும் பாட்டிலில் நிரப்ப வேண்டும். மூடிய பாட்டில்கள் அதன் பிறகு உங்களோடு பயணம் வரலாம். பழுப்பு நிற பாட்டில் நல்லது. வெளிர் நிற பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் வேதிப்பொருள்கள் சிதைந்து நாற்றம் வரும்.

வெயில் ஊரில் மாட்டிக்கொண்டால்? பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துண்டு கட்டி, அடியைத் தண்ணீர் தொட்டியில் வைத்தால் சில டிகிரி இறங்கும். நம்ம ஊர் மண்பானை லாஜிக்தான். ஆனால், இது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மாதிரி வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். சென்னை மாதிரி புழுக்கமான கடலோர ஊரில் பெரிதாகப் பலன் தராது.

இன்னொரு வழி, ஈஸ்ட்டையே மாற்றுவது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவரும் `க்வைக்' என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரியிலும் ஜாலியாக வேலை செய்யும். மூன்று, நான்கு நாளில் புளித்தே முடிந்துவிடும். அந்தக் காலத்தில் மரத்தில் செய்த வளையத்தை ஈஸ்ட்டில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்களாம். குளிர் நாட்டு ஈஸ்ட் வெப்ப தேசப் பயணிக்குக் கைகொடுக்கிறது என்பது சுவாரஸ்யம்தான்.

கேப்டன் குக்கும் நிறுத்தித்தான் செஞ்சார்!

பயணத்தில் பீர் செய்வது இன்ஸ்டா காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 1773-ல் ஜேம்ஸ் குக் தன் `ரெசல்யூஷன்' கப்பலோடு நியூசிலாந்தின் டஸ்கி சவுண்ட் என்ற விரிகுடாவுக்குப் போனார். ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், அங்கிருந்த ரிமு மரத்தின் தளிர்களையும் மானுகா செடியின் இலைகளையும் கொதிக்கவைத்து பீர் செய்தார். நியூசிலாந்தில் செய்யப்பட்ட முதல் பீர் என்று அதைச் சொல்வார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அவர் சேர்த்தது கப்பலில் கொண்டுபோயிருந்த சுண்டவைத்த மால்ட் சாறும் வெல்லப்பாகும். இன்றைய கிட் டின்னின் தாத்தா என்றே சொல்லலாம். இரண்டு, கப்பலை அந்த அமைதியான விரிகுடாவில் பல வாரங்கள் நிறுத்தியிருந்த நேரத்தில்தான் செய்தார். 250 வருஷமாகியும் ஈஸ்ட் தன் கண்டிஷனை மாற்றிக்கொள்ளவில்லை.

ஜாலி ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம்

வெடிக்கும் பாட்டில்: மிக முக்கியமானது இதுதான். புளித்து முடிவதற்குள் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால், உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். வெயிலில் நிறுத்திய மூடிய வண்டிக்குள் சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். கண்ணாடி பாட்டில் வெடித்தால் சில்லு தெறிக்கும். கண், கை, கழுத்து எதுவும் தப்பாது. `அடுத்த ஊருக்கு நாளைக்கே கிளம்பணும்' என்ற அவசரம் பயணத்தில் எப்போதும் இருக்கும். அதனால்தான் வீட்டைவிட வண்டியில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கும். பீருக்கான பிளாஸ்டிக் பாட்டில் என்றால் விரலால் அழுத்தியே உள்ளே எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். பிரஷர் தாங்கும் பாத்திரத்தில் செய்பவர்கள் அதன் ரிலீஃப் வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. குக்கருக்கு சேஃப்டி வால்வு மாதிரி அது.

வாயு: 23 லிட்டர் பீர் புளிக்கும்போது சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 350 லிட்டருக்கும் மேற்பட்ட வாயு அது. ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் காற்றோட்டம் இருந்தால் பிரச்னை இல்லை. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் வென்ட்டையும் அடைத்துவிட்டு, பக்கத்திலேயே தூங்குவதுதான் தப்பு.

மெத்தனால் பயம்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். `வீட்டுப் பீரும் அப்படி ஆயிடுமா?' என்று கேட்கத் தோன்றும். மால்ட்டைப் புளிக்கவைப்பதால் மட்டும் அந்த அளவுக்கு மெத்தனால் உருவாகாது. ஆனால், அதைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். ஆஸ்திரேலியாவிலும் லைசென்ஸ் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம், வீட்டு உபயோகத்துக்கு என்றாலும்கூட.

தெரியாத போதை: கடை பாட்டிலில் எத்தனை சதவிகிதம் என்று அச்சடித்திருக்கும். இதில் நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். ஹைட்ரோமீட்டர் ஆரம்பத்தில் 1.040, முடிவில் 1.010 காட்டினால், வித்தியாசமான 0.030-ஐ 131.25-ஆல் பெருக்குங்கள். சுமார் 3.9 சதவிகிதம். பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையால் இன்னும் அரை சதவிகிதம் வரை கூடும். அப்படியொரு 750 மில்லி பாட்டிலில் இருப்பது ஆஸ்திரேலியக் கணக்கில் சுமார் இரண்டரை `ஸ்டாண்டர்டு டிரிங்க்'. `ஒரே ஒரு பாட்டில்தானே' என்று நினைத்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பது இங்கேதான் வினையாகிறது. அங்கே வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவிகிதத்தை எட்டினால் குற்றம். புதிதாக லைசென்ஸ் எடுத்த இளைஞர்களுக்கு அது பூஜ்யம். நாளுக்கு 4, வாரத்துக்கு 10 ஸ்டாண்டர்டு டிரிங்க்கைத் தாண்டக் கூடாது என்பது அந்த நாட்டின் உடல்நல வழிகாட்டுதல்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும்: நார்தர்ன் டெரிட்டரியில் பல பழங்குடி மக்களின் பகுதிகளுக்குள் மது கொண்டுபோகவே தடை உண்டு. அந்தச் சமூகங்கள் குடியால் பட்ட பாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. `நான் விக்கல, நானே செஞ்சது' என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. தேன் சேர்த்து பீர் செய்யலாம் என்று ஆசைப்பட்டால், மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனைச் சாவடியில் தேன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். விவசாயத்தையும் தேனீக்களையும் காக்க அப்படியொரு விதி.

நம்ம ஊர்ல செய்யலாமா?

கூடாது. ஒரே வார்த்தையில் பதில் அதுதான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன் கீழ், லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். `என் வீடு, என் பானை, எனக்கு மட்டும்' என்றாலும் குற்றம்தான். கேம்பர் வேனில் கொடைக்கானல் போகிறேன் என்றாலும் சட்டம் மாறாது.

இந்தியாவைச் சேர்ந்த 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு ஆஸ்திரேலியா 2024-லிருந்து `வொர்க் அண்டு ஹாலிடே' விசா தருகிறது. அதில் போய் பழைய வேன் வாங்கி ஊர் சுற்றும் கனவு உங்களில் யாருக்காவது இருக்கலாம். அப்படிப் போனால், அங்கே யாராவது ஒரு பெரியவர் தன் பாட்டிலை நீட்டி `டேஸ்ட் பண்ணுப்பா' என்று சொல்லவும் கூடும். அப்போது இரண்டு கேள்விகளை மட்டும் மனதில் வையுங்கள். இதில் எத்தனை சதவிகிதம்? அடுத்து வண்டி ஓட்டப்போவது யார்? குடிக்கிற பழக்கமே இல்லையென்றால் இன்னும் நல்லது. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனால், அந்தப் பெரியவரிடம் பீரைவிட உருப்படியான ஒரு விஷயம் இருக்கும். `ஏன் இந்த ஊர்ல ஒன்பது நாளா இருக்கீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். `ஈஸ்ட் இன்னும் முடிக்கல' என்பார். மூன்று நாளில் ஏழு இடம், எழுபது செல்ஃபி என்று ஓடுகிற நமக்கு அது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். அந்த ஒன்பது நாளில் அவர் பக்கத்து வண்டிக்காரரோடு பழகியிருப்பார், ஊர் நூலகத்தைப் பார்த்திருப்பார், ஆற்றங்கரையில் எந்தப் பறவை எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துவைத்திருப்பார்.

பீர் வேண்டாம். அடுத்த டிரிப்பில் ஏதாவது ஒரு ஊரில் ரெண்டு நாள் கூடுதலாக நின்று பாருங்களேன்!